கொழுந்தனார் பிடித்த விலாங்கும் மருமகன் சொன்ன சால்மனும்

ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார்கள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். கடிதம் நாலு பக்கம். கேள்விக்கு வேண்டிய பகுதி இது:

"அண்ணாச்சிக்கு வணக்கம். என் மூத்த மகள் முழுகாமல் இருக்கிறாள். எட்டாம் மாதம். வளைகாப்பு முடிந்து பேறுகாலத்துக்கு அழைத்துவந்து மூன்று வாரம் ஆகிறது. என் கொழுந்தனார் அணைக்கட்டுக்குக் கீழே தூண்டில் போடுவார். அண்ணன் மகள் என்றால் அவருக்கு உயிர். விலாங்கு இடுப்புக்குப் பலம், மூலத்துக்கும் நல்லது என்று இதுவரை இரண்டு கொண்டுவந்து கொடுத்தார், அவளும் சாப்பிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்தது பெரிசு. மணிக்கட்டு தடிமன், ஒரு கை நீளத்துக்கு மேலே. இன்னும் அண்டாவில் உயிரோடு கிடக்கிறது. துபாயில் இருக்கும் மருமகன் போனில் அதைப் பார்த்துவிட்டு, 'கடலில் இருக்கிற கெமிக்கலை எல்லாம் மீன்தான் ஆத்துக்குச் சுமந்து வருதாம், அலாஸ்காவில் கண்டுபிடிச்சிருக்கான், கொட்டிருங்க' என்கிறார். கொழுந்தனாருக்குக் கோபம். 'தாமிரபரணித் தண்ணியில வளர்ந்த மீன்ல விஷமா? பாட்டன் முப்பாட்டன் தின்னதுதானே'ன்னு இரண்டு நாளாக வீட்டுக்கு வரவில்லை. யார் சொல்வது சரி? மீனே கொடுக்கக் கூடாதா?"

அம்மா, முதலில் மனசை லேசாக்கிக்கொள்ளுங்கள். இரண்டு தடவை விலாங்கு சாப்பிட்டதால் குடி முழுகிவிடாது. நாம் இங்கே பேசப்போகும் விஷங்கள் ஒரு வேளைக் குழம்பில் ஆளைச் சாய்ப்பவை அல்ல. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் உடம்பில் சேர்ந்து தொல்லை கொடுப்பவை. அடுத்த செக்கப்புக்குப் போகும்போது டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், போதும். மூன்றாவது விலாங்கை மட்டும் மகளுக்குச் சமைக்க வேண்டாம். ஏன் என்று சொல்லத்தான் இத்தனை நீளப் பதில். முப்பது வருஷம் மீனியல் சொல்லிக்கொடுத்தவனிடம் கேட்டால் சுருக்கமாக வராது.

மருமகன் சொன்னதை அப்படியே தள்ளிவிட முடியாது. மீன் சுமை தூக்கும் என்பது உண்மை. ஆனால் அவர் படித்தது சால்மனைப் பற்றி. உங்கள் அண்டாவில் கிடப்பது விலாங்கு. இரண்டும் கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே போய்வருகிற மீன்கள்தான், போகிற திசைதான் நேர் எதிர். அதைப் பார்க்காமல் விட்டதுதான் உங்கள் வீட்டுச் சண்டைக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

சால்மன் ஆற்றில் பிறக்கும். விரல் நீளக் குஞ்சாக இருக்கும்போதே கடலுக்குப் போய், இரண்டு மூன்று வருஷம் அங்கே மேய்ந்து, கொழுத்த மீனாகப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும். முட்டையிட்டதும் பசிபிக் சால்மன்கள் அங்கேயே செத்துப்போகும். அதாவது அந்த உடம்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் கடலில் தின்று சேர்த்தது. செத்த மீனைக் கரடி தின்னும், பறவை தின்னும், மிச்சம் மக்கி ஏரிக்கு உரமாகும். கரையில் நிற்கிற மரம்கூட அந்தச் சத்தை உறிஞ்சுகிறது. பனி உருகி ஓடும் அந்தச் சத்தில்லாத தண்ணீருக்குக் கடல் வருஷா வருஷம் அனுப்பிவைக்கிற சீர்வரிசை அது.

சீர்த்தட்டில் வேறு ஒன்றும் சேர்ந்து வந்துவிட்டது. பி.சி.பி. என்று ஒரு கூட்டம் ரசாயனங்கள் உண்டு. டிரான்ஸ்ஃபார்மர், கண்டென்சர் போன்ற மின்சாதனங்களில் எண்ணெயாக ஊற்றிப் பயன்படுத்தியவை. சூடு தாங்கும், தீப்பிடிக்காது, எளிதில் சிதையாது. தொழிற்சாலைக்காரனுக்கு இது மூன்றும் பெரிய குணம். மண்ணுக்கும் மீனுக்கும் அந்த மூன்றாவது குணம்தான் வினை. அமெரிக்காவில் 1979-இல் இதன் உற்பத்தியைத் தடை செய்தார்கள். 2001-இல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் வந்து உலகம் முழுக்க ஒழிக்க வேண்டிய பட்டியலில் இதைச் சேர்த்தது. ஆனால் அதற்குள் கடலில் கலந்தது கலந்ததுதான். அது தண்ணீரில் கரைய விரும்பாது, கொழுப்பைக் கண்டால் போய் ஒட்டிக்கொள்ளும்.

1998-இல் அலாஸ்காவின் காப்பர் ஆற்றுப் படுகையில் செய்த ஓர் ஆய்வு வெளிவந்தது. சால்மன் வந்து சாகும் ஏரியில் வாழ்கிற, கடலையே பார்க்காத கிரேலிங் என்ற உள்ளூர் மீனைப் பிடித்துப் பார்த்தார்கள். சால்மன் எட்டாத ஏரியில் இருந்த அதே வகை மீனைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இந்த மாதிரி விஷம் அதில் இருந்தது. பிறகு 2003-இல் கனடாவின் ஆய்வாளர்கள் அலாஸ்கா ஏரிகளின் அடிவண்டலைத் தோண்டி எடுத்துப் பார்த்து 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். சாக்ஐ என்ற வகைச் சால்மன் மிக அதிகமாக வந்து சேர்ந்த இடத்தில் வண்டலில் பி.சி.பி. ஏழு மடங்குக்கும் மேல் ஏறியிருந்தது. பக்கத்தில் ஆலை கிடையாது, ஊர் கிடையாது. மீன்தான் கொண்டுவந்து இறக்கியிருக்கிறது. மருமகன் கண்ணில் பட்டது இந்தச் செய்தியாகத்தான் இருக்கும்.

அவர் கண்ணில் படாதது ஒன்று உண்டு. அதே அமெரிக்காவின் உணவு, மருந்துத் துறை கர்ப்பிணிகள் சாப்பிட நல்லது என்று போட்டிருக்கும் பட்டியலில் சால்மனும் இருக்கிறது. ஏரி வண்டலில் சேர்வது ஒரு கணக்கு, தட்டில் விழும் துண்டு வேறு கணக்கு. லட்சக்கணக்கான மீன் ஒரே இடத்தில் வந்து செத்தால், ஒவ்வொன்றிலும் இருக்கும் துளி சேர்ந்து குடமாகிறது. ஒரு மீனில் இருப்பது துளிதான்.

இனி நம்ம ஆற்றுக்கு வருவோம். பொதிகையில் இறங்கிப் பாபநாசம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் என்று வந்து புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைத் தொடுகிற ஆறு, மொத்தமே ஏறக்குறைய 125 கிலோமீட்டர்தான். அதற்குள் எட்டு அணைக்கட்டு. கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டத்தில் முடிகிறது. கடைசி அணைக்கட்டு உங்கள் ஊரில் இருப்பதால் ஒரு காரியம் நடக்கிறது: கடலிலிருந்து ஏறிவரும் மீனுக்கு அதுதான் முதல் கதவு. மடவை வரும், கொடுவா வரும். அணைக்கட்டுச் சுவர் வந்ததும் நின்றுவிடும். கொடுவா பிறக்கும்போது ஆணாக இருந்து வளர்ந்தபின் பெண்ணாக மாறுகிற மீன், அது தனிக்கதை, இன்னொரு நாள் சொல்கிறேன். மேட்டூர் அணை 1934-இல் வந்த பிறகு காவிரியில் உல்லம் மீன் மேலே ஏற முடியாமல் போனதும் இதே மாதிரிதான். கடலிலிருந்து முட்டையிட ஆற்றுக்குள் ஏறுகிற, சால்மனுக்கு ஒப்பாகச் சொல்லத்தக்க மீன் நம் நாட்டில் அந்த உல்லம்தான். வங்காளத்தார் இல்சா என்று தலையில் வைத்துக் கொண்டாடுவது அதைத்தான். தாமிரபரணியில் சால்மன் போல லட்சக்கணக்கில் ஏறிவந்து செத்து விஷத்தை இறக்கிவிட்டுப் போகும் மீன் கிடையாது. ஆகவே அலாஸ்கா கதையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து ஸ்ரீவைகுண்டத்தில் வைக்க முடியாது.

அணைக்கட்டைப் பார்த்து நிற்காமல் ஏறிவிடுகிறவன் விலாங்குதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மழைக்கால ராத்திரி டார்ச்சோடு அணைக்கட்டுக்குக் கீழே போய் நின்றிருக்கிறேன். தண்ணீர் கசிந்து பாசி பிடித்த சுவரில் நூல்கண்டு அவிழ்ந்து ஒட்டியது போல ஏதோ தெரிந்தது. கிட்டப் போனால் அத்தனையும் விலாங்குக் குஞ்சு. ஈரம் இருந்தால் போதும், செங்குத்தான சுவரிலும் வயிற்றை ஒட்டி நெளிந்து நெளிந்து ஏறும். கூட வந்த உள்ளூர் ஆள், "இது சேத்துல தானா முளைக்கிறது, கடலுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது" என்று என்னிடம் அடித்துச் சொன்னார். நான் சிரிக்கவில்லை. கிரேக்கத்து அரிஸ்டாட்டிலே அப்படித்தான் எழுதிவைத்திருக்கிறார். சினையோடு ஒரு விலாங்கை ஆற்றில் யாரும் பார்க்காததால் வந்த நினைப்பு அது. ஐரோப்பிய விலாங்கின் பிறப்பிடத்தைத் தேடி யொஹான்னஸ் ஷ்மிட் என்கிற டென்மார்க்காரர் அட்லாண்டிக்கைப் பல வருஷம் சல்லடை போட்டுச் சலித்து, 1922-இல்தான் சர்காஸோ கடல் என்று எழுதினார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், சந்தையில் குழப்பம் உண்டு. முதுகில் முள்வரிசை இருந்தால் அது ஆரல். குளத்திலும் வாய்க்காலிலும் பிறந்து அங்கேயே சாகும், கடல் பக்கம் எட்டிப் பார்க்காது. தூத்துக்குடி மார்க்கெட்டில் கிடைக்கும் கடல் விலாங்கு வேறு சாதி. அது ஆற்றுக்கு வராது. நான் சொல்வது ஆற்று விலாங்கு. சில ஊரில் மலங்கு என்பார்கள். தலைக்குப் பின்னால் காது மடல் மாதிரி இரண்டு துடுப்பு இருக்கும்.

அது ஆழ்கடலில் பிறக்கிறது. கண்ணாடி மாதிரி, இலை வடிவத்தில், நீரோட்டத்தோடு மிதந்து கரைக்கு வருகிறது. கழிமுகத்தில் நுழையும்போது எடை ஒன்றுமே கிடையாது. ஆற்றில் ஏறி, கசத்திலும் குளத்திலும் பாறை இடுக்கிலும் பல வருஷம், சில சமயம் பத்து வருஷத்துக்கு மேலும் தங்கி, ராத்திரியில் வேட்டையாடி வளர்கிறது. பருவம் வந்ததும் வயிறு வெள்ளி நிறமாகும், கண் பெரிதாகும், இரையை நிறுத்திவிடும், குடல் சுருங்கிவிடும். ஆறு பெருகி ஓடும் ஓர் இருட்டு ராத்திரியில் கடலைப் பார்த்து இறங்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, உங்கள் ஊர் ஸ்டேஷனில் ரயிலே மாட்டிக்கொண்டு நின்றதே, அந்த மாதிரி வெள்ளம் நமக்குப் பேரிடர். விலாங்குக்கு அது குளத்துக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. கடலுக்குப் போய் ஒரே ஒரு தடவை முட்டையிடும், செத்துப்போகும்.

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிறவன் என்று நாம் சும்மாவா சொன்னோம்? கடலுக்கு ஒரு முகம், ஆற்றுக்கு ஒரு முகம். ஆனால் சதைக் கணக்கைப் பாருங்கள். சால்மன் கடலில் தின்று ஆற்றில் சாகிறது. விலாங்கு ஆற்றில் தின்று கடலில் சாகிறது. உங்கள் அண்டாவில் கிடக்கும் மீனின் உடம்பு முழுக்க நம் ஆற்றில் தின்று சேர்த்தது. அதில் விஷம் இருந்தால் அது கடலிலிருந்து வந்தது இல்லை. நாம் ஆற்றில் விட்டது. "தாமிரபரணித் தண்ணியில வளர்ந்த மீன்" என்று கொழுந்தனார் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதுதான் சிக்கலே.

கோபப்பட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். பாட்டன் தின்ன காலத்து ஆறும் இன்றைய ஆறும் ஒன்றா? திருநெல்வேலியைத் தாண்டி வரும்போது ஊர்ச் சாக்கடையும் சேர்ந்துதான் உங்கள் அணைக்கட்டுக்கு வருகிறது. பாபநாசத்தில் பரிகாரம் என்று உடுத்த துணியை ஆற்றோடு விடுகிற வழக்கம் வேறு. டன் கணக்கில் வெளியே எடுத்தும் தீர்ந்தபாடில்லை. நெல்லுக்கும் வாழைக்கும் அடிக்கிற மருந்து வாய்க்கால் வழியே வடிகிறது.

மருந்து என்றதும் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள் இல்லையா, மருந்திலும் அந்த இரண்டு சாதி உண்டு. வாழைக்குப் போடுகிற குருணை மருந்து அன்று கொல்கிற சாதி. தெரியாமல் கை வைத்தால் ஆளையே சாய்க்கும், வாய்க்காலில் கொட்டினால் மீன் மிதக்கும். ஆனால் மண்ணிலும் தண்ணீரிலும் சீக்கிரம் சிதைந்துவிடும், மீன் கொழுப்பில் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்காது. டி.டி.டி.யும் பி.ஹெச்.சி.யும் நின்று கொல்கிற சாதி. 1953-இல் மலேரியாவைக் கட்டுப்படுத்தத் தொடங்கிய திட்டத்தில் நம் வீட்டுச் சுவரிலெல்லாம் டி.டி.டி. அடித்துவிட்டுப் போனார்கள். எங்கள் வீட்டுக் கதவில் அடித்த தேதியைப் பென்சிலில் எழுதி வைத்திருப்பார்கள், சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். விவசாயத்தில் டி.டி.டி. 1989-இல் நின்றது, பி.ஹெச்.சி. 1997-இல், எண்டோசல்ஃபான் 2011-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி நின்றது. கடையில் நின்றாலும் சேற்றில் நிற்க நாளாகும்.

சேற்றிலிருந்து மீனுக்கு எப்படி ஏறுகிறது? நம்ம ஊரில் கந்துவட்டி என்றால் எல்லாருக்கும் புரியும். சேற்றில் இருப்பது முதல். அதைப் பாசியும் புழுவும் எடுத்துக்கொள்கின்றன. புழுவை அயிரை தின்கிறது. அயிரை பத்து கிலோ தின்றால் தின்கிற மீனுக்கு ஒரு கிலோ சதை ஏறும் என்று வைத்துக்கொள்ளுங்கள், மீதி ஒன்பது மூச்சாகவும் ஓட்டமாகவும் செலவாகிவிடும். ஆனால் அந்தப் பத்து கிலோவில் இருந்த விஷம் செலவாகாது. செரிக்கத் தெரியாத சரக்கு அது. அத்தனையும் அந்த ஒரு கிலோ சதையில் போய் ஒட்டுகிறது. அடுத்த படியில் இன்னொரு பெருக்கல். வட்டிக்கு வட்டி போட்டு மேலே போய் உட்காருகிற இடம் எது? சேற்றில் படுத்து, மீன் தின்று, பத்து வருஷம் வாழ்ந்து, உடம்பெல்லாம் கொழுப்பு வைத்த மீன். விலாங்குக்கு இந்த நாலு பொருத்தமும் உண்டு.

நெதர்லாந்தில் விலாங்கு என்றால் நம்ம ஊர் நெத்திலிக் கருவாடு மாதிரி, வாட்டிய விலாங்கு இல்லாமல் விருந்து கிடையாது. அங்கேயே 2011-இல் ரைன், மியூஸ் போன்ற பெரிய ஆறுகளில் விலாங்கு பிடிப்பதை அரசு நிறுத்தியது. காரணம், டையாக்ஸின் என்ற இன்னொரு நச்சு ரசாயனமும் பி.சி.பி.யும் உடம்பில் அளவுக்கு மேல் ஏறிவிட்டன. அமெரிக்காவில் ஹட்சன் ஆற்றங்கரையில் மின்சாதனம் செய்த இரண்டு ஆலைகள் 1947 முதல் 1977 வரை பி.சி.பி.யை ஆற்றில் விட்டன. ஸ்ட்ரைப்டு பாஸ் என்று அங்கே ஒரு மீன், நம்ம கொடுவா ஜாடை. முட்டையிட ஆற்றுக்கு வந்துவிட்டுக் கடலுக்குப் போகும். 1976-இல் ஹட்சனில் அதைப் பிடித்து விற்பதையே மூட வேண்டியதாயிற்று. வாய்க்கால் அசுத்தமானால் மடையை மூடலாம். மீனுக்கு மடை எங்கே இருக்கிறது?

விலாங்கின் கதையில் எனக்கு மனசைத் தொடுகிற இடம் ஒன்று உண்டு. ஐரோப்பிய விலாங்கு கிளம்பும்போது உடம்பு எடையில் கால் பங்கு வரை கொழுப்பு இருக்கும். அந்தக் கட்டுச்சோற்றை வைத்துக்கொண்டுதான் வழியில் ஒன்றும் தின்னாமல் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீந்துகிறது. கொழுப்பு கரையக் கரைய அதில் பதுங்கியிருந்த விஷம் மிச்சமிருக்கும் கொழுப்பில் நெருக்கிக்கொண்டு உட்காருகிறது, கடைசியில் சினைக்கும் போகிறது. ஊரில் இருக்கும்வரை அதற்கு ஒன்றும் செய்யாத சரக்கு, பிள்ளைபெறப் போகிற வழியில் வேலையைக் காட்டுகிறது. ஐரோப்பாவில் விலாங்கு அருகிப்போனதற்குச் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று. அணைகளும் அதிகப் பிடிப்பும் மற்றவை.

சரி, மகள் விஷயம்.

பி.சி.பி., டி.டி.டி. எல்லாம் கொழுப்பில் உட்காருபவை என்றேன். அதில் ஒரு சௌகரியம் உண்டு. தோலை உரித்து, வயிற்றுக் கொழுப்பை வழித்து எறிந்துவிட்டு, எண்ணெய் வடிகிற மாதிரி வாட்டினால் ஒரு பங்கு போய்விடும். பாதரசத்தில் அந்தச் சௌகரியம் கிடையாது. நிலக்கரி எரிக்கும்போதும் வேறு வழிகளிலும் காற்றில் போன பாதரசம் மழையோடு இறங்கும். காற்றோட்டம் இல்லாத சேற்றில், அமலைச்செடி மண்டி அழுகிக் கிடக்கிறதே, அந்த மாதிரி இடத்தில், நுண்ணுயிர்கள் அதை மீத்தைல் பாதரசமாக மாற்றுகின்றன. அது கொழுப்பில் சேராது, சதையில் புரதத்தோடு பிணைந்துகொள்ளும். உரித்தாலும் போகாது, மஞ்சள் போட்டுக் கழுவினாலும் போகாது, எவ்வளவு நேரம் கொதித்தாலும் போகாது. பார்த்தோ மோந்தோ கண்டுபிடிக்கவும் முடியாது. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு நஞ்சுக்கொடி வழியே போய் மூளை வளர்ச்சியைத் தொடும். ஜப்பானில் மினமாட்டாவில் 1956-இல் வெளியே தெரிந்த துயரத்தில், தனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லாத தாய்மார்கள்கூடப் பாதிக்கப்பட்ட பிள்ளைகளைப் பெற்றார்கள். அங்கே ஆலைக்கழிவு நேரே கடலில் விழுந்தது, அளவு பயங்கரம். நம் ஆற்றோடு அதை ஒப்பிட்டுப் பயப்படச் சொல்லவில்லை. கர்ப்பிணிக்கு மட்டும் ஏன் தனிக் கணக்கு என்பதற்காகச் சொன்னேன். உடம்பில் சேர்ந்த மீத்தைல் பாதரசம் பாதியாகக் குறைய ஒன்றரை முதல் இரண்டரை மாதம் ஆகும். இப்போது நிறுத்தினால் இப்போதே குறையத் தொடங்கும், அதுவும் நல்ல சேதிதான்.

அதற்காக மீனையே நிறுத்திவிடாதீர்கள். அது மருமகன் செய்யும் தப்பைவிடப் பெரிய தப்பு. பிள்ளையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய கொழுப்பு மீனில்தான் சுலபமாகக் கிடைக்கிறது. கணக்கு எளிது. சின்ன மீன், குறைந்த ஆயுள், பாசியும் மிதவை உயிரியும் தின்பது என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். சாளை, நெத்திலி, காரல். எட்டணா மீன் என்று நாம் ஏளனமாகப் பார்த்த சாளைதான் இதில் ராஜா. அணைக்கட்டுக்குக் கீழே கொழுந்தனார் தூண்டிலுக்கும் வேலை இருக்கிறது: மடவை கொண்டுவரச் சொல்லுங்கள். அமெரிக்கப் பட்டியலில் மடவைக்கும் நல்ல இடம்தான். ஆனால் சாக்கடை விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டாம், அது சேற்றைச் சலித்துத் தின்கிற மீன். வாரத்துக்கு இரண்டு மூன்று வேளையாக மொத்தம் 225 முதல் 340 கிராம் வரை மீன் என்பது கர்ப்பிணிகளுக்குச் சொல்லும் அளவு.

அந்தப் பட்டியலில் வேண்டாம் என்று போட்டிருப்பவற்றில் சுறா, வாள்மீன், கிங் மேக்கரல் மூன்றும் உண்டு. கடைசியில் சொன்னது நம்ம சீலாவின், அதாவது வஞ்சிரத்தின் பங்காளி. ஆகவே பெரிய சீலாத் துண்டைத் தினமும் பொரித்து வைக்க வேண்டாம். பிள்ளை பிறந்தபின் பால்சுறாப் புட்டு கேட்டு மாமியார் வீட்டிலிருந்து ஆள் வரும், எனக்குத் தெரியும். பால் ஊற என்றால் காரலும் அதே பெயரெடுத்த மீன்தான், விலையும் குறைவு. சுறாப் புட்டை அவர்கள் விடமாட்டேன் என்றால் குட்டிச் சுறாவாகப் பார்த்து ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எது எப்படியானாலும் தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள்.

இடுப்புப் பலத்துக்கும் மூலத்துக்கும் விலாங்கு என்பதைப் பற்றி. எட்டாம் மாதத்தில் மூலத் தொந்தரவு பலருக்கு மலச்சிக்கலால் வருவது. கீரையும் வாழைத்தண்டும் நிறையத் தண்ணீரும் விலாங்கு செய்வதாகச் சொல்லும் வேலையைச் செய்யும். விலாங்கு இரத்தத்தைப் பச்சையாகக் குடித்தால் பலம் என்று யாராவது சொன்னால் மட்டும் ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். விலாங்கின் பச்சை இரத்தம் உண்மையிலேயே விஷம், வெந்தால்தான் முறியும். சாம்பல் தேய்த்து அறுக்கும்போது கையில் வெட்டுக்காயம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கழுவாத கையைக் கண்ணில் வைக்காதீர்கள்.

அந்த அண்டாவில் கிடக்கிறதே, அதை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒரு கை நீளத்துக்கு மேலே, மணிக்கட்டு தடிமன் என்றால் ஆற்றில் பல வருஷம் கிடந்த மீன். டார்ச் அடித்து வயிற்றைப் பாருங்கள். மஞ்சளாக இருந்தால் இன்னும் இங்கேதான் இருக்கப்போகிறது. வெள்ளி மாதிரி இருந்து கண்ணும் பெரிதாகத் தெரிந்தால், அது ஊருக்குக் கிளம்பிய மீன். கொழுந்தனார் தூண்டிலில் தப்பாக வந்து மாட்டியிருக்கிறது. ஐப்பசி மழை வந்து ஆறு கலங்கி ஓடும் நேரமாகப் பார்த்து, அணைக்கட்டுக்குக் கீழே கொண்டுபோய் விட்டுவிடச் சொல்லுங்கள். அதுவரை அண்டாவுக்கு மூடி போட்டு மேலே கல் வையுங்கள், இல்லாவிட்டால் ராத்திரி ஈரத்தில் நழுவிப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். விட மனசு வரவில்லை என்று அவர் பிடிவாதம் பிடித்தால், தோலை உரித்து, கொழுப்பை வழித்து, அவருக்கு மட்டும் குழம்பு வையுங்கள். மகளுக்குத் தனிச் சட்டியில் சாளை. இரண்டு நாளாக வராத ஆள் குழம்பு வாசனைக்கு வந்துவிடுவார்.